கொடி சாகும் வரை

சேசு மரி சூசை

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
12 செப்டம்பர் 1926

அன்புள்ள தம்பி டொமினிக்குக்கு அக்கா பிரிஜெட் எழுதுவது.

இந்த வீட்டில் இன்றைக்குக் காய்ச்சல் யாருக்கும் இல்லை. உன் அத்தான் மைக்கேல்ராஜுக்கு மட்டும் இருமல், அதுவும் கோவிலில் பிரசங்கம் நீளும்போதுதான் வருகிறது. மௌரீன் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். உன்னையும் உன் மனைவியையும் பிள்ளையையும் தேவமாதா தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும்.

உன் மாமனார் இறந்த செய்தி ஜூலையில் கிடைத்தது. அவர் ஆத்துமத்துக்காகப் பூசை வைத்தேன். நீ எழுதியிருந்த பெயர் சாமியாருக்கு வாயில் நுழையவில்லை. "டொமினிக்குடைய மாமனார்" என்றே வாசித்துவிட்டார். சர்வேசுரனுக்கு ஆள் தெரியாமலா போகும்.

தம்பி, நீ எழுதுவது தந்தி மாதிரி இருக்கிறது. சுகம், மழை, அறுப்பு, முத்தம். இதை வைத்துக்கொண்டு நான் உன்னை எங்கே என்று நினைப்பது? யுத்தத்தில் கோவேறு கழுதை ஓட்டப் போனாய். பிறகு துரையோடு கழுதை வாங்க அந்தக் கட்டலோனியா மலைக்குப் போனாய். கழுதைகள் பட்டாளத்துக்கு வந்து சேர்ந்தன, நீ வரவில்லை. பதினொரு வருஷமாயிற்று. என் நோட்டில் மழை பெய்த நாள், திராட்சைக் கொடி கவாத்து செய்த நாள், கோழி அடை வைத்த நாள் எல்லாம் இருக்கிறது. உன் பக்கம் மட்டும் வெறும் தாள். அங்கே நிலம் எப்படிக் கிடக்கிறது, எதில் என்ன விளைகிறது, உங்களுடையது எவ்வளவு, எல்லாம் எழுது.

இன்னொன்று. அத்திபெலேயில் உன் அத்தானின் அண்ணன் இரண்டு ஏக்கர் ராகி நிலம் வைத்திருக்கிறார். பார்க்க ஆளில்லை. "டொமினிக் வந்தா எடுத்துக்கட்டும்" என்று அவரே சொன்னார். திருவிழாவில் பிளாக்பள்ளி மாதாவிடம் ஒன்பது சனிக்கிழமை வருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன், நீ திரும்பி வர. எப்போது வருகிறாய்?

உன் முகம் காணக் காத்திருக்கும்
அக்கா பிரிஜெட்

*

பாஜெஸ், கட்டலோனியா
17 அக்டோபர் 1926

என் அக்காவுக்கு டொமினிக்கின் அன்பு முத்தங்கள்.

நானும் மெர்ஸேயும் மகள் நூரியாவும் நன்றாக இருக்கிறோம். அறுப்பு முடிந்து கை முழுக்கச் சாயம், மூன்று நாளாகப் போகவில்லை. உன் கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அத்தானின் இருமலைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறாய்.

நீ கேட்டபடி எழுதுகிறேன். பாஜெஸ் என்பதை ஒரு தாலூகா என்று வைத்துக்கொள். தெற்கே ரம்பத்தின் பல் போல ஒரு மலை நிற்கும். பெயரே அறுத்த மலை என்றுதான். அங்கே இருக்கிற மாதா கறுப்பு. முதல் தடவை பார்த்தபோது மெர்ஸேயிடம், "எங்க அக்கா ஜாடை இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவள் இன்றைக்கும் அங்கே போனால் "உங்க அக்காவுக்கு ஒரு மெழுகுவத்தி" என்றுதான் ஏற்றுகிறாள்.

ஆற்றோரம் கால்வாய்த் தண்ணீர் பாயும் இடத்தில் காய்கறி, அதை ஒட்டி நூல் மில்கள். கொஞ்சம் மேடேறினால் கோதுமை. அதற்கு மேல் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகச் சுவர் கட்டி நிலம் எடுத்திருக்கிறார்கள். சுண்ணாம்பே கிடையாது, கல்லின்மேல் கல். அந்தப் படிகளில்தான் திராட்சை. நம் வீட்டுப் பந்தல் மாதிரி இல்லை. முழங்கால் உயரக் கட்டையாக நிற்கும். ஓரத்தில் ஒலிவ மரம். அதற்கும் மேலே பைன் காடு. மாமனார் சின்னவராக இருந்தபோது அந்த உச்சி வரை கொடிதானாம். அமெரிக்காவிலிருந்து ஒரு பேன் வந்து வேரைத் தின்று எல்லாம் செத்துப்போய், காடு இறங்கிவிட்டது. இப்போதும் பைன் மரங்களுக்கு நடுவே நடந்தால் அந்தப் பழைய சுவர்கள் காலில் தட்டும்.

நிலம் எங்களுடையதில்லை, முதலாளியுடையது. விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு அவருக்குக் கொடுத்து வாரத்துக்கு வைத்திருக்கிறோம். கெடுவுக்கு வருஷக் கணக்கு கிடையாது. 'செத்த கட்டை' என்று அந்தப் பத்திரத்துக்குப் பெயர். நட்ட கொடிகளில் மூன்றில் இரண்டு பங்கு செத்த அன்று நிலமும் அதில் கட்டிய வீடும் முதலாளிக்குத் திரும்பும். அதுவரை மகன், மகள் என்று யார் வைத்திருந்தாலும் இறக்கிவிட முடியாது. மாமனார் முப்பது வருஷத்துக்கு முன் நட்டது மூவாயிரம் கொடி. கிழக் கட்டைகள். போன ஜூலையில் கல்மழை வேறு அடித்து நொறுக்கிவிட்டது. மாமனார் போனதும் முதலாளியின் காரியஸ்தர் வந்து, எண்ண வேண்டும் என்றார். எண்ணட்டும். செத்தது என்றால் நாங்கள் மூவரும் மூட்டையோடு உன் அத்திபெலே ராகிக் காட்டில் வந்து நிற்போம், பார்த்துக்கொள்.

மருமகள் மௌரீனுக்கு நூரியா ஒரு பாதாம் பூ வரைந்து அனுப்பியிருக்கிறாள். பன்றி மாதிரி இருக்கும், பூதான்.

உன் தம்பி டொமினிக்

*

சேசு மரி சூசை

ஆஸ்டின் டவுன்
20 நவம்பர் 1926

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு என் கால் வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அப்படியே உங்களுக்கும் எல்லாம் நலமாக இருக்கட்டும்.

நீ விளையாட்டாகத்தான் எழுதியிருப்பாய். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் ஞானோபதேசப் புத்தகத்தை வைத்து எழுத்துக் கூட்டினவள் நான், ஒரு வரியை நாலு தடவை படித்தால்தான் மனசில் நிற்கும். அந்தப் பத்திரத்தைப் பற்றிய வரிகளைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். மூவாயிரத்தில் இரண்டாயிரம். அவ்வளவுதானே?

பின் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. கட்டில் ஒன்று பிளாக்பள்ளிப் பக்கம் பழைய சாமான் கடையில் பார்த்து வைத்திருக்கிறோம், ஒரு கால் மட்டும் ஆட்டம். உன் மனைவிக்குக் குளிர் ஊர் பழக்கம் என்பதால் கிழக்கு ஜன்னல் பெரிதாக வைக்கச் சொன்னேன். உன் அத்தான், "வராத ஆளுக்கு ஜன்னல் பெருசு, இருக்கிற எனக்குச் சுவரோரம்" என்று முணுமுணுத்துக்கொண்டே கொத்தனாரைக் கூட்டிவந்தார்.

ஐந்து சனிக்கிழமை முடிந்தது. கொடி சாகட்டும் என்று நான் வேண்டவில்லை, தம்பி. நீ வரவேண்டும் என்று மட்டும்தான் வேண்டுகிறேன்.

இன்னொரு விஷயம் எழுத வந்தேன். அது பிறகு எழுதிக்கொள்ளலாம்.

காரியஸ்தர் வந்து எண்ணினதும் எத்தனை என்று உடனே எழுது.

உன் வரவை எண்ணும்
அக்கா பிரிஜெட்

*

பாஜெஸ்
28 ஜனவரி 1927

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பனி கொட்டுகிறது. கிணற்று வாளியில் தண்ணீர் தகடாகக் கிடக்கிறது. உங்கள் எல்லோருக்கும் சுகம் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பதினேழாம் தேதி வனத்து அந்தோனியார் திருநாள். ஊரில் எல்லோரும் கழுதை, குதிரைகளைக் கோவிலுக்கு ஓட்டிப்போய் மந்திரிக்கிற நாள். மறுநாள் காரியஸ்தர் இரண்டு ஆட்களோடு, சுண்ணாம்பு வாளியோடு வந்தார். விரல் தடிமனுக்குக் கிளை இல்லாத கட்டையெல்லாம் செத்தது என்று ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளை அடித்துக்கொண்டே போனார்கள். கல்மழை அடித்த படிகளில் ஒன்றுக்குமே அப்படிக் கிளை இல்லை. நான் சொல்லிப் பார்த்தேன். "கட்டை பேசட்டும், நீங்க பேசாதீங்க" என்றார்.

இரண்டாயிரத்து நூற்று நாற்பது.

ஏப்ரல் இருபத்து மூன்று வரை தவணை. அன்றைக்குச் சாவியைக் கொடுக்க வேண்டும்.

 எண்ணி முடித்த மறுநாள் கூடையை எடுத்துக்கொண்டு போன மெர்ஸே ஒரு வேலையும் செய்யாமல், வெள்ளை அடித்த ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுக்கொண்டே மேல்படி வரை போய்விட்டு வந்தாள். அந்தச் சுவர்களை அவள் அப்பா கட்டும்போது கல் எடுத்துக் கொடுத்தவள் அவள். நூரியா என்னிடம், பெங்களூரில் மலை உண்டா என்று கேட்டாள். பெரிதாக இல்லை என்றேன். "அப்போ சூரியன் எதுக்குப் பின்னாடி போகும்?" என்றாள்.  மௌரீனைக் கேட்டு எழுது.

மார்செயில் இருந்து பம்பாய்க்கு எந்தக் கப்பல் என்று அத்தானை விசாரிக்கச் சொல். அத்திபெலே மண் சிவப்பா, கறுப்பா?

உன் டொமினிக்

*

சேசு மரி சூசை

ஆஸ்டின் டவுன்
23 பிப்ரவரி 1927

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். நேற்று உன் கடிதம் வந்தது.

அத்திபெலே மண் சிவப்பு. கப்பல் விவரத்தை அத்தான் கூட்ஸ் ஷெட்டில் தன்னோடு வேலை செய்யும் டெஸ்மண்டிடம் கேட்டு வாங்கி வந்தார், தனித் தாளில் வைத்திருக்கிறேன். கட்டிலின் கால் சரி செய்தாயிற்று. பிளாக்பள்ளி மாதாவுக்கு நன்றிப் பூசைக்குச் சொல்லிவிட்டேன்.

சூரியன் அல்சூர் ஏரிக்கு அந்தப் பக்கம் போய் மரங்களுக்குப் பின்னால் மறையும் என்று மௌரீன் சொல்லச் சொன்னாள். அல்சூர் ஏரி நமக்குக் கிழக்கா மேற்கா என்று அவளுக்கும் அத்தானுக்கும் சண்டை நடக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா பிரிஜெட்

*

சேசு மரி சூசை

ஆஸ்டின் டவுன்
2 மார்ச் 1927, விபூதிப் புதன்

என் தம்பி டொமினிக்குக்கு,

சுகம் விசாரிக்க இதில் இடமில்லை. முதலில் இதைப் படி, படித்த உடனே செய்.

வெள்ளை அடித்த கட்டைகளில், காரியஸ்தர் கண் எதிரே, ஒவ்வொன்றையும் ரம்பத்தால் கொஞ்சம் அறுத்துப் பார். பனி விட்டு மண் சூடு பிடிக்கிற சமயத்தில் அறுக்க வேண்டும். உயிருள்ள கொடி அறுத்த இடத்தில் கண்ணீர் விடும். செத்தது விடாது. ஜனவரிப் பனியில் உயிருள்ளதும் அழாது, செத்ததும் அழாது. பத்திரத்தில் மூன்றில் இரண்டு என்று இருப்பதாக எழுதினாய். எந்த மாசத்தில் எண்ணுவது என்று இருப்பதாக நீ எழுதவில்லை. இருக்கிறதா என்று பார். இல்லையென்றால், அழுகிற மாசத்தில் எண்ணச் சொல்லிக் கேள்.

இது இன்றைக்குத் தோன்றியதில்லை. அதைத்தான் இப்போது எழுதவேண்டும்.

குளியலறைச் சுவரோரம் நம் வீட்டில் ஒரு கொடி ஒரு வருஷமாக இலையே விடாமல் நின்றது. நவம்பர் பத்தாம் தேதி உன் அத்தான் கடப்பாரையைக் கொண்டுவந்தார். அடுப்புக்கு ஆகட்டும் என்று நான் அரிவாளால் ஒரு வெட்டு வெட்டினேன். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். "இரு, இது சாகலை" என்று அவரை நிறுத்தினேன். மூன்று வாரத்தில் மொட்டு வந்தது. நோட்டில் தேதியோடு இருக்கிறது.

இருபதாம் தேதி உனக்கு எழுதும்போது இதை இரண்டு வரி எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தேன். இதைப் படித்தால் நீ அங்கேயே இருந்துவிடுவாய் என்று தோன்றியது. அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, வேறு தாளில் எழுதி அனுப்பினேன். இரண்டாயிரத்து நூற்று நாற்பது என்று படித்தபோது எனக்குச் சந்தோஷம் வந்தது, தம்பி. பிறகுதான் உன் மனைவி ஒவ்வொரு கட்டையாகத் தொட்டாள் என்ற வரி. அந்த வரியை நான் ஒரே தடவைதான் படித்தேன். அதற்கு மேல் முடியவில்லை. பதிலில் அதைப் பற்றி ஒரு எழுத்தும் எழுதவில்லை.

இன்று காலை விபூதி பூசிக்கொள்ளுமுன் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் அபராதமாகச் செபமாலை சொல்லச் சொல்வார் என்று நினைத்தேன். அவர், "தபால் எப்போது போகுது?" என்று மட்டும் கேட்டார்.

தந்தி கொடு என்கிறார் அத்தான். இதைத் தந்தியில் எந்த வார்த்தையில் சொல்வது? வெள்ளிக்கிழமை பம்பாய்க் கப்பலுக்குச் சேரும்படி அவரே இதை ரயில் தபாலில் போடுகிறார்.

பிரிஜெட்

*

பாஜெஸ்
12 ஏப்ரல் 1927

என் அக்காவுக்கு,

நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று உண்மையாகவே கேட்கிறேன், உண்மையாகவே எழுது.

உன் கடிதம் மார்ச் முப்பதாம் தேதி கைக்கு வந்தது. மெர்ஸேக்கு அதை அவள் பாஷையில் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், நீ கிழித்த தாளையும் சேர்த்து. அவள் சிரித்தாள். மார்ச்சில் கொடி அழும் என்பது இந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். கவாத்து செய்த கொடிமேல் துணி காயப் போடாதே, அழுது நனைக்கும் என்பார்கள். ஆனால் அதை ஒரு சாட்சி என்று யாரும் நினைத்ததில்லை. பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். மாசம் ஒன்றும் இல்லை.

காரியஸ்தர் முதலில் மறுத்தார். முதலாளியின் வக்கீல், வழக்குக்குப் போனால் மூன்று வருஷம் இழுக்கும் என்று சொல்ல, ஏப்ரல் ஐந்தாம் தேதி வந்தார். பங்குச் சாமியாரும் பக்கத்துப் படிகளின் குடியானவர்கள் மூன்று பேரும் சாட்சி. நான் ரம்பத்தால் அறுத்துக்கொண்டே போனேன். முதல் இருபதில் ஒன்றுகூட அழவில்லை.  இருபத்தொன்றாவதில் ஒரு சொட்டு நின்று, யோசித்து, விழுந்தது. காரியஸ்தர் குனிந்து பார்த்தார்.

"தண்ணி வடிஞ்சா உயிர்னு எந்தப் பத்திரத்துல இருக்கு?" என்றார்.

மெர்ஸே, "ஜனவரியில எண்ணணும்னு எந்தப் பத்திரத்துல இருக்கு?" என்றாள்.

சாமியார் தொண்டையைக் கனைத்தார். அதற்குப் பிறகு காரியஸ்தர் பேசவில்லை, கட்டைதான் பேசியது. கல்மழை அடித்த மேல்படிகளில் வரிசையாக அழுதது. இரண்டு நாள் ஆயிற்று. நானூற்றுப் பன்னிரண்டு கட்டை. செத்தது ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டுதான் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. அழுத கட்டைகளின் வெள்ளையை நூரியா ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறாள், இன்னும் முடியவில்லை.

நீ உன் பாவத்தை எழுதினாய். என்னுடையதையும் கேள். காரியஸ்தர் எண்ணிய அந்த வாரத்திலேயே ஆற்றோர நூல் மில்லில் என் பெயரையும் மெர்ஸே பெயரையும் பதிந்துவிட்டோம். மில் வீட்டில் ஓர் அறை தருவதாகச் சொன்னார்கள். கப்பலை விசாரிக்கச் சொன்னதும் மண்ணின் நிறம் கேட்டதும் சும்மா. நீ ஜன்னல் பெரிதாக வைத்ததைப் படித்த பிறகு எனக்கு வேறு எழுதக் கை வரவில்லை.

நிலம் போயிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன், அக்கா.

நீ கிழித்த தாளால் எங்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நீ எழுதிய தாளால்தான் வீடு இருக்கிறது. இதை மனசில் வை.

உன் டொமினிக்

*

சேசு மரி சூசை

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
26 ஜூன் 1927

அன்புள்ள மெர்ஸேக்கு,

நீயும் நூரியாவும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம். பதில் எழுத ரொம்ப நாளாயிற்று. காரணம் என்ன என்று உன் புருஷனுக்குத் தெரியும், அவனைத் தொந்தரவு செய்யாதே.

இத்தனை வருஷத்தில் உனக்கென்று நான் ஒரு கடிதம் எழுதியதில்லை. அவன் கடிதத்தின் ஓரத்தில் 'உன் மனைவியும்' என்று உன்னை ஒதுக்கியே வைத்திருந்தேன். இதை அவன் உனக்குப் படித்துச் சொல்வான். எதையாவது விட்டுவிட்டுப் படித்தால் மூக்கைத் தேய்ப்பான், சின்ன வயசிலிருந்து அப்படித்தான். தேய்த்தால் மறுபடி படிக்கச் சொல்.

ஒன்பது சனிக்கிழமை நடந்து போய் மாதாவிடம் என் தம்பியைக் கேட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கேட்டது உன் வீட்டை. உன் அப்பா அடுக்கிய சுவரை. அது எனக்குப் புரிய ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டியிருந்தது. நீ சிரித்தாய் என்று அவன் எழுதியிருந்தான். கோபித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

பின் அறையில் இப்போது மௌரீன் இருக்கிறாள். ஜன்னல் பெரிதாக இருப்பதால் வீட்டுப்பாடம் எழுதாமல் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அத்திபெலே நிலத்தை வேறொருவருக்கு வாரத்துக்கு விட்டுவிட்டார்கள், ராகி முளைத்துவிட்டது. இந்த வருஷம் மழை ஜூன் நாலாம் தேதி இங்கே தொடங்கியது.

செத்த கட்டைகளைப் பிடுங்கிய குழியில் நீங்கள் என்ன நடுகிறீர்கள்? இங்கே என்றால் நான் அவரைக்கொட்டை ஊன்றுவேன், பந்தல் இல்லாவிட்டாலும் தரையில் படரும். உங்கள் மண்ணுக்குப் பாதாம் சரியாக இருக்குமா? புதுக் கொடியே வைக்கப் பத்திரம் விடுமா? எனக்கு விவரமாக எழுது. மழை எழுது. கோதுமை எப்படி என்று எழுது. நூரியா எவ்வளவு உயரம் என்று ஒரு நூலில் அளந்து அந்த நூலைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பு.

ஒன்று மட்டும் வேண்டாம். உன் புருஷன் ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு என்று எழுதியதைப் படித்த அந்த நிமிஷமே, இரண்டாயிரத்துக்கு இன்னும் எத்தனை என்று என் மனசு கழித்துப் பார்த்துவிட்டது. அவன் வரமாட்டேன் என்று எழுதியது நாலு வரி கீழே இருந்தது. அதைப் படித்த பிறகும் அந்த எண் போகவில்லை. கணக்கு எழுதிப் பழகிய புத்தி. இனி வருகிற குளிர்காலங்களில் உங்கள் கொடி ஒவ்வொன்றாகப் போகும், அது இயற்கை. எத்தனை போயிற்று என்று எனக்கு எழுதாதே, மெர்ஸே.

எழுதினால் கழித்துப் பார்ப்பேன்.

உன் நாத்தனார்
பிரிஜெட்